கன்னியாகுமரியிலிருந்து கஞ்சன்ஜங்கா பார்க்கப் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கஞ்சன்ஜங்கா மேல் ஏறும் வழி இதில் இல்லை. 8,586 மீட்டர் உயரம், உலகத்தில் மூன்றாவது. இந்தியா நேபாள எல்லைக்கோடு அதன் உச்சி வழியாகத்தான் போகிறது. சிக்கிம் பக்கத்திலிருந்து ஏற இப்போது யாருக்கும் அனுமதி இல்லை, ஏறுகிறவர்கள் நேபாளம் வழியாகப் போகிறார்கள். அது வேறு உலகம். நான் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் வைத்துக்கொண்டு, ஆள் போடாமல் நானே பால் வெட்டுகிறவன். என்னைப் போன்ற ஒருவர் அந்த மலையின் முகத்துக்கு நேரே எவ்வளவு தூரம் நடந்து போகலாமோ அதுவரை போய், சுகமாகத் திரும்புவது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டு தடவை போனேன். 2019 அக்டோபரில் பாதியிலேயே கீழே இறக்கிவிட்டார்கள். 2024 ஏப்ரலில் பார்த்தேன். முதல் தடவை செய்த தப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதை இது: மேற்கு சிக்கிமில் யுக்சம் என்ற ஊரில் தொடங்கி, சோகா, ஜோங்ரி, தன்சிங், லாமுனே என்று போய் கோச்சா லா கணவாய்க்கு முன்னால் உள்ள மேட்டில் முடியும். ‘லா’ என்றாலே கணவாய்தான். போகவும் வரவும் எட்டு நாள் என்று விற்பார்கள். பத்து நாள் கேளுங்கள். காரணம் பின்னால் வரும்.

ஏப்ரல், மே ஒரு பருவம். அக்டோபர், நவம்பர் இன்னொன்று. நடுவில் மழையும் அப்புறம் பனியும். அக்டோபர் கடைசியில் வானம் நன்றாகத் தெளிந்திருக்கும். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும், ஆனால் காடு முழுக்க ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்களே, அதன் சொந்தக்காரர்கள். ரப்பர்க்காரர்களுக்கு ஏப்ரல்தான் தோது. இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்கள் பயிற்சிக்குக் கிடைக்கும்.

பயிற்சிக்கு நமக்கு மருந்துவாழ்மலை இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், விடியுமுன், முதுகில் எட்டு கிலோ ரேஷன் அரிசியோடு ஏறி இறங்கினேன். மூன்று மாதம். ஏறும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இறக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அங்கே கடைசி இரண்டு நாளும் இறக்கம்தான், மூட்டு அப்போதுதான் கணக்குக் கேட்கும். மற்ற நாளில் தோட்டத்துச் சரிவே போதும்.

ஆனால் ஒன்று. நம் மாவட்டத்து மலைகளில் ஏறினால் காலுக்கும் மூச்சுக்கும் தெம்பு வரும், உயரத்துக்கு உடம்பு பழகாது. அந்த உயரம் இங்கே எங்கேயும் இல்லை. கால் நன்றாக இருப்பவனுக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம் என்று இப்போது சொல்வேன். அவன் வேகமாக ஏறிவிடுவான்.

ரயில் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டிலேயே நீளமான ரயில் தடம், 4,100 கிலோமீட்டருக்கு மேல். விவேகானந்தரின் 150ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி வைத்த பெயர். நாகர்கோவிலில் ஏறிப் படுத்தால் மூன்று ராத்திரி கழித்து மேற்கு வங்கத்து நியூ ஜல்பைகுரியில் இறங்கலாம், எங்கேயும் மாற வேண்டியதில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். நம்மூர் ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வங்காள, அசாம் பையன்கள் ஊருக்குப் போகிற வண்டி அது, எப்போதும் நெருக்கடிதான். எனக்குக் கொஞ்சமாவது ஹிந்தி வந்தது என்றால் அந்த மூன்று ராத்திரியில் வந்ததுதான். விமானம்தான் வேண்டும் என்றால் பாக்டோக்ராவில் இறங்கலாம், அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிருந்து யுக்சம் ஷேர் ஜீப்பில் ஒரு பகல். ஜோர்தாங் வழியாகப் போகும். வழியில் கொஞ்ச தூரம் டீஸ்டா ஆற்றோரம். 2023 அக்டோபர் 4ஆம் தேதி வடக்கு சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி உடைத்துக்கொண்டு வந்து சுங்தாங் அணையையே அடித்துப்போனது ஞாபகமிருக்கும். பனியாறு உருகித் தேங்கிய ஏரி அது. அந்த வெள்ளம் இந்த ஆற்றோரச் சாலையையும் அரித்துப்போட்டது. மழை பெய்தால் மண் சரிந்து வழி அடைபடும். ஆகவே போகும்போது ஒரு நாளும் வரும்போது ஒரு நாளும் உபரியாகக் கையில் இருக்கட்டும். திரும்பும் ரயில் டிக்கெட்டை இறுக்கிப் போட்டுவிட்டு ஜீப்பில் உட்கார்ந்து நகம் கடிப்பது வீண்.

யுக்சம் 1,780 மீட்டரில் இருக்கிறது. சிக்கிமின் முதல் தலைநகரம். 1642இல் முதல் சோக்யால், அதாவது அரசர், அங்கேதான் பட்டம் சூட்டிக்கொண்டார், அவர் உட்கார்ந்த கல் இருக்கை இன்றும் இருக்கிறது. மாலையில் சும்மா இருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். அங்கிருந்து மேலே காடு முழுக்க கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா, 2016இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தனியாகப் போக முடியாது. பதிவு பெற்ற ஏஜென்சி, வழிகாட்டி, அனுமதிச் சீட்டு மூன்றும் வேண்டும். வாக்காளர் அட்டை, ஆதார் இரண்டுக்கும் நகலும் நாலைந்து போட்டோவும், டாக்டர் சான்றிதழும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் என்னென்ன கொண்டுபோகிறோம் என்று அங்கே பட்டியல் எழுதுவார்கள், இறங்கும்போது அது அத்தனையும் திரும்பி வர வேண்டும்.

ஏஜென்சியிடம் விலை பேசுவதைவிட நாள் பேசுங்கள். சோகா ஏறத்தாழ 3,000 மீட்டர், ஜோங்ரி ஏறத்தாழ 4,000. ஒரே நாளில் 1,000 மீட்டர் தாண்டித் தூங்கவைக்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலைக்காரர்கள் கணக்கு. நடுவில் தங்க சரியான இடம் இல்லை. அதனால் சோகாவில் இரண்டு ராத்திரி, ஜோங்ரியில் இரண்டு ராத்திரி. இதற்கு ஒத்துக்கொள்கிற ஆளோடு போங்கள். மலிவுத் திட்டங்களில் முதலில் வெட்டுவது இந்த இரண்டு நாளைத்தான்.

அப்புறம் துணிமணி. குளிர் என்றால் நமக்கு மார்கழிக் காற்று, அவ்வளவுதான் தெரியும். 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். நாகர்கோவிலில் 30 என்றால், அந்தக் கணக்கில் மட்டுமே 4,600 மீட்டரில் பூஜ்யம் வந்துவிடும். விடியுமுன் அதற்கும் கீழே. பருத்தியை வீட்டில் வையுங்கள். பனியன், சாரம், ஜீன்ஸ் எதுவும் வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி காயாது, நின்ற இடத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல் என்கிற சூடு காக்கும் உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் என்கிற கம்பளி போன்ற சட்டை, மேலே இறகு ஜாக்கெட், காற்றுக்கும் மழைக்கும் ஒரு கோட்டு. ஜாக்கெட்டும் தூக்கப்பையும் வாடகைக்குக் கிடைக்கும். ஷூ மட்டும் சொந்தமாக, அரை அளவு பெரிதாக வாங்கி, இரண்டு மாதம் தோட்டத்துச் சகதியில் போட்டு மிதித்துப் பழக்குங்கள். தோர்த்துத் துண்டு இரண்டு எடுங்கள், பருத்திதான் என்றாலும் அவ்வளவு மெல்லிசு, ராத்திரி கூடாரத்துக்குள் காய்ந்துவிடும். நம் கைவசம் உள்ளதில் அங்கே பயன்பட்டது இதுவும் பால் வெட்டுக்குத் தலையில் கட்டும் ஹெட்லைட்டும்தான். அட்டை இருக்கும் பாதை, அதற்கு நாம் பயப்படப் போவதில்லை.

அம்மா தேங்காய் எண்ணெய் ஒரு குப்பியில் கொடுத்துவிட்டாள், “மக்களே, தலை காயாம பாத்துக்கோ” என்று. சோகாவில் அது கல். குப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயகன்ற டப்பாவில் கொண்டுபோனால் விரலால் சுரண்டி உதட்டுக்கும் மூக்குக்கும் தடவலாம், வெடிக்காது. தண்ணீர்க் குப்பியை ராத்திரி தலைகீழாக நிறுத்தி வையுங்கள். ஐஸ் மேலேதான் கட்டும், காலையில் நிமிர்த்தினால் வாய் அடைபடாமல் இருக்கும். போனும் பேட்டரியும் தூக்கப்பைக்குள்ளே, காலடியில்.

சாப்பாடு ஏஜென்சிக்காரர்கள் சமைப்பார்கள். சோறு அரைகுறையாக இருக்கிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் ஒன்றும் வேகாது. நம் சம்பா அரிசி அங்கே ஜென்மத்துக்கும் வேகாது. கருப்பட்டியும் சுக்கும் இடித்து எடுத்துப் போயிருந்தேன். இரண்டாம் நாளிலிருந்து சமையல்காரரே “சுக்கா, சுக்கா” என்று கேட்டு வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

ஏத்தங்காய் வத்தல், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், பாக்கெட்டும் ஆறு வைத்திருந்தேன். நாகர்கோவில் கடையில் சீல் போட்டுக் கொடுத்தது. சோகாவில் பையைத் திறந்தால் அத்தனையும் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு ஊதின பலூன் மாதிரி உப்பி நிற்கின்றன. ஜோங்ரி போய்ச் சேருவதற்குள் ஒன்று ‘டப்’ என்று வெடித்து, பை முழுக்க வத்தல் தூள். உள்ளே இருந்தது நம் கடலோரக் காற்று, வெளியே அழுத்தம் குறைந்த மலைக்காற்று. மூச்சு வாங்கும்போது எனக்குள்ளே என்ன நடக்கிறது என்பது அந்தப் பாக்கெட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. 4,600 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கன்னியாகுமரிக் கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

இனி அந்தத் தப்பு. முதல் தடவை எட்டு நாள் திட்டம். சோகாவுக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். வழிகாட்டிப் பையன் நேபாளியில் “பிஸ்தாரி, தாஜு, பிஸ்தாரி” என்றான். மெதுவா அண்ணே, மெதுவா. என்னை யார் என்று நினைத்தாய், தினமும் இருட்டில் சரிவில் ஏறி இறங்கி முந்நூறு மரம் வெட்டுகிறவன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் மதியமே ஜோங்ரி. சாயங்காலம் பின்மண்டையில் இறுக்கம், கட்டிவைத்த மாதிரி. சோறு இறங்கவில்லை. பையன் கேட்டான், “தலை வலிக்கிறதா?” இல்லை என்றேன். இவ்வளவு காசு போட்டு வந்துவிட்டு, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் முன்னால் தலைவலி என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது. பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் வாந்தி. கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றால் தரை சாய்கிறது. பையன் ஒன்றும் பேசவில்லை, கம்பால் மண்ணில் ஒரு கோடு போட்டு, குதிகாலோடு பெருவிரல் ஒட்ட நடக்கச் சொன்னான். மூன்றாவது அடியில் கோட்டைவிட்டு வெளியே போய்விட்டேன். அவன் அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. என் பையை அவன் தோளில் மாட்டினான். அன்று மதியமே சோகா. சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் பசித்தது. மருந்து எதுவும் இல்லை, இறங்கியதுதான் மருந்து.

ஆகவே இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தலைவலி வந்தால், வேறு காரணம் தெரியாதவரை அது மலை நோய்தான். தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி இருந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது, அங்கேயே தங்க வேண்டும். குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாத இருமலில் நுரை வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கோட்டில் நடக்க முடியாவிட்டாலோ, ராத்திரி என்று பார்க்காமல் அப்போதே இறக்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்பது கூடாது. அசெட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை உண்டு, டயமாக்ஸ் என்று கேட்டால் தெரியும். ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து சிலருக்குக் கொடுப்பார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடுமுன் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். மாத்திரை போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறலாம் என்று இல்லை. மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். தினமும் வழிகாட்டி கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் வாயைத் தவிர அவருக்கு வேறு மீட்டர் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்கூட உங்கள் தலைவலியைக் காட்டாது.

இரண்டாம் தடவை நான்தான் எல்லாருக்கும் பின்னால். சோகாவில் இரண்டு ராத்திரி. அது திபெத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய சின்ன ஊர், ஒரு கோம்பா, அதாவது புத்த மடம், ஒரு குட்டை, மர வீடுகள். சும்மா இருக்கிறோமே என்று இருக்காதீர்கள், பகலில் இருநூறு முந்நூறு மீட்டர் ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். ஜோங்ரியில் கோடு போடாமலே நேராக நடந்தேன். தன்சிங் ஜோங்ரியைவிடக் கொஞ்சம் தாழ்வு, அகலமான புல்வெளி, இடையில் பிரேக் சூ ஆற்றைத் தாண்ட வேண்டும். லாமுனேயில் கடைசிக் கூடாரம். அதற்கு மேலே சமிதி ஏரி இருக்கிறது. புனிதமான இடம், கரையில் கூடாரம் போட விடமாட்டார்கள். கை கால் கழுவக்கூட இறங்காதீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவார்கள். நமக்கு அது பெரிய விஷயமில்லை, பால் வெட்டுக்கு எழும்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஹெட்லைட் வெளிச்சத்தில் முன்னால் போகிறவர் ஷூவைப் பார்த்துக்கொண்டே ஏரியோரம் போய், அப்புறம் சரளைக்கல் மேட்டில் ஏற வேண்டும். இருபது அடி, ஒரு நிறுத்தம். இருபது அடி, ஒரு நிறுத்தம். கையுறையைக் கழற்றி பிளாஸ்க் மூடியைத் திறந்தேன், மூடி விரலில் ஒட்டிக்கொண்டது. வெறுங்கையால் உலோகத்தைத் தொடாதீர்கள்.

முதல் காட்சி மேட்டில், ஏறத்தாழ 4,600 மீட்டரில், ஐந்து மணிக்கு நின்றோம். நம்மூரில் சூரியோதயம் என்றால் கிழக்கே கடலைப் பார்த்து நிற்போம். இங்கே சூரியன் பண்டிம் மலைக்குப் பின்னால், அந்தப் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. எல்லாரும் வடக்கே பார்த்து நிற்கிறார்கள். கீழே இன்னும் இருட்டு, என் கையே எனக்குத் தெரியவில்லை, ஆனால் மேலே உச்சி மட்டும் பழுத்த செங்கவருக்கை மாம்பழத் தோல் மாதிரி சிவந்தது. அப்புறம் அந்த நிறம் மெதுவாகக் கீழே இறங்கியது. ஏழெட்டு நிமிஷம்தான். வெள்ளையானதும் கூட்டம் போனை உள்ளே வைத்துவிட்டது.

நீங்கள் வைக்காதீர்கள். வெளிச்சம் வந்தபின்தான் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அந்த மலை ஒரே உச்சி இல்லை, ஐந்து. பெயருக்கே பனியின் ஐந்து பொக்கிஷங்கள் என்றுதான் பொருள். மூன்று எல்லைக்கோட்டில், இரண்டு நேபாளத்துக்குள். எல்லை என்று வேலியோ கல்லோ தேடாதீர்கள், வானத்தைத் தொடும் அந்த முகடுதான் எல்லை. பனியாறு என்றதும் நான் வெள்ளையாக எதையோ எதிர்பார்த்தேன். கீழே பார்த்தால் நம்மூர்க் கல்குவாரியில் கொட்டிவைத்த கழிவு மாதிரி சாம்பல் நிறச் சரளை. மலையை அரைத்து முதுகில் சுமந்துகொண்டு இறங்குவதால் அப்படி. அடியில் பனிக்கட்டி இருக்கிறது, உற்றுக்கேட்டால் எங்கேயோ ஒரு கல் உருளும் சத்தம் வரும்.

இந்த மேட்டிலேயே திரும்பச் சொல்வார்கள். 4,940 மீட்டர் கணவாய் வரை கூட்டிப்போகவில்லை என்று எங்கள் குழுவில் ஒருவர் வழிகாட்டியோடு மல்லுக்கு நின்றார். பையன் கஞ்சன்ஜங்காவைக் காட்டினான். 1955 மே 25ஆம் தேதி ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் முதன்முதலாக மேலே போனார்கள். உச்சி தெய்வத்தின் இடம், அதை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குக்காகச் சில அடி கீழேயே நின்றுவிட்டு இறங்கினார்கள். “உச்சி வரைக்கும் போனவங்களே கொஞ்சம் கீழ நின்னாங்க, நீங்க இங்க நில்லுங்க” என்று அவன் ஹிந்தியில் சொன்னது எனக்கே புரிந்தது. மல்லுக்கு நின்றவர் சுக்குக்காப்பி கேட்டார்.

இறங்கும்போது கம்பு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பெருவிரல் நகம் கறுத்துப்போகும். எனக்குப் போனது. யுக்சம் சோதனைச் சாவடியில் பட்டியலை எடுத்து எண்ண ஆரம்பித்தார்கள். வத்தல் கவர் ஆறு என்று எழுதியிருக்கிறது, என்னிடம் ஐந்து. பையைக் கவிழ்த்துத் தேடினேன், இல்லை. ஜோங்ரி போகும் வழியில் வெடித்ததைக் காற்று கொண்டுபோயிருக்கும் என்று அபராதத்துக்குக் காசு எடுத்தேன். வழிகாட்டிப் பையன் தன் ஜாக்கெட் பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தான். ஓரத்தில் இன்னும் வத்தல் தூள் ஒட்டியிருந்தது.